எல்எஸ் தட்டினால் ஒன்றும் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோத்தகிரியில் பச்சை இலை எடை போடும் கணினி, குன்னூரில் ஒரு பள்ளியின் ஆய்வகம், மசினகுடியில் ஒரு விடுதியின் கேமராப் பதிவு. நீலகிரியில் எங்கெல்லாம் லினக்ஸ் ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் வரும் புகார் ஒன்றேதான்: "எல்எஸ் போட்டேன், வரலை." எல்எஸ் என்பது ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. இந்தப் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. திரை காலியாக வந்ததா, பிழைச்செய்தி வந்ததா, பெயர் மட்டும் கோணலாக வந்ததா, அல்லது கர்சர் அப்படியே நின்றுவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் வேர் வேறு. அதனால் இங்கே திரையில் தெரியும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் "பெரிய" என்று சொல்லியிருக்கிறேன். கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் உள்ளபடியே.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கட்டளைகள். "பிடபிள்யூடி" நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். "டிஎஃப் ." அந்த ஃபோல்டர் எந்த வட்டில் இருக்கிறது என்று சொல்லும். "எல்எஸ் -எல்ஏ" மறைந்தவை உட்பட எல்லாவற்றையும் விவரத்தோடு காட்டும். இந்த மூன்றின் வெளியீட்டையும் அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும். "காணோம்" என்ற பதற்றத்தில் பழைய நகலை மேலே ஊற்றி, இருந்த நல்ல கோப்பையும் அழித்தவர்கள் உண்டு.

கட்டளையே இல்லை என்கிறது

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் முதலில் தட்டியதைப் பாருங்கள். சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருக்கும். அச்சிட்ட தாளைப் பார்த்துத் தட்டும் மாணவர்கள் "1எஸ்" என்று தட்டுவது சகஜம். விசைப்பலகை தமிழில் இருந்தாலும் இதே கதைதான். தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் எல், எஸ் விசைகளுக்குத் "தி" என்று விழும்.

சரியாகத் தட்டியும் வரவில்லை என்றால் "/பின்/எல்எஸ்" என்று முழுப் பாதையோடு தட்டுங்கள். அது வேலை செய்தால், டெர்மினல் திறக்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியை யாரோ மேலெழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய மதிப்போடு சேர்க்காமல், புதியதை மட்டும் வைத்துவிட்டார்கள். அந்த வரியைத் திருத்திவிட்டு டெர்மினலை மூடித் திறங்கள்.

விண்டோஸில் இருக்கிறீர்கள் என்றால், பழைய கட்டளைச் சாளரத்துக்கு எல்எஸ் தெரியாது, அங்கே "டிஐஆர்". பவர்ஷெல்லில் எல்எஸ் என்பது வேறொரு கட்டளைக்கு வைத்த செல்லப்பெயர். ஆகையால் வெறும் எல்எஸ் ஓடும், "எல்எஸ் -எல்ஏ" பிழை காட்டும். அங்கே "-ஃபோர்ஸ்" சேர்த்தால் மறைந்தவை தெரியும்.

திரை காலி, பிழைச்செய்தியும் இல்லை

அதிகம் பயமுறுத்துவது இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

எளிய காரணம், பெயர் புள்ளியில் தொடங்குகிறது. அப்படிப்பட்ட கோப்புகளை எல்எஸ் தானாகக் காட்டாது. "-ஏ" கொடுத்தால்தான் காட்டும். இது யாரோ யோசித்துச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளி என்ற இரண்டு பெயர்களை மட்டும் மறைக்க, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் "முதல் எழுத்து புள்ளியா" என்று குறுக்கு வழியில் ஒரு சோதனை வைத்தார்கள். அதில் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மாட்டிக்கொண்டன. யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் 2012-ல் இந்தக் கதையை எழுதியிருக்கிறார். அந்தக் குறுக்கு வழிக்கு இன்றைக்கும் நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, வெளிவட்டு இணையவே இல்லை. மலையில் இது மிக அதிகம். தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையிலும் கரண்ட் போய்ப் போய் வரும். கணினி மறுபடி எழும்போது வெளிவட்டு தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அது உட்காரும் ஃபோல்டர் மட்டும் உள்வட்டில் காலியாக இருக்கும். ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த அழைப்பு:

"அண்ணா, இலை வரவு ஃபோல்டர் மொத்தமா காலியா இருக்குண்ணா."

"அங்கேயே நின்னு டிஎஃப் புள்ளி போடு தம்பி. கடைசியில என்ன எழுதியிருக்கு?"

"வெறும் சாய்கோடு மட்டும்தான்."

"அப்ப டிஸ்க் ஏறவே இல்ல. ஒண்ணும் போகல. எதையும் காப்பி பண்ணாம இரு."

"டிஎஃப் ." காட்டும் கடைசி நெடுவரிசையில் வெறும் சாய்கோடு இருந்தால் நீங்கள் பார்ப்பது உள்வட்டை. வெளிவட்டின் பாதை இருந்தால்தான் அது இணைந்திருக்கிறது. "எல்எஸ்பிஎல்கே" போட்டால் வட்டு கணினிக்குத் தெரிகிறதா, எங்கே இணைந்திருக்கிறது என்பது வரும். அதில் வட்டின் பெயரே இல்லையென்றால் கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வட்டு ஏறாத நேரத்தில் இரவு நகலெடுக்கும் நிரல் ஓடியிருந்தால், அது அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது உள்வட்டில், எழுதிவிட்டுப் போயிருக்கும். மறுநாள் வட்டை இணைத்ததும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். எல்எஸ் காட்டாது, ஆனால் உள்வட்டில் இடம் குறைந்திருக்கும். வட்டைக் கழற்றிவிட்டு அதே ஃபோல்டரில் எல்எஸ் போட்டால் அவை தெரியும். வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி இணையுங்கள். நிரலின் முதல் வரியிலேயே "மவுண்ட்பாயின்ட்" கட்டளையால் சோதித்து, வட்டு இல்லையென்றால் நிறுத்தச் சொல்லிவிடுவது நல்லது.

உபுண்டு, டெபியன், பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் பென்டிரைவைச் சொல்லாமல் பிடுங்கினால் பழைய ஃபோல்டர் சில நேரம் அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை செருகும்போது அதே பெயருக்குப் பின்னால் 1 சேர்த்து இன்னொன்று உருவாகும். நீங்கள் பழைய பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கோப்புகளோ 1 சேர்ந்த ஃபோல்டரில் இருக்கும். "எல்எஸ் /மீடியா/" என்று தட்டி அதன்பின் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் மண்டையைக் குடையும். நீங்கள் ஒரு ஃபோல்டருக்குள் நிற்கும்போதே வேறொரு சாளரத்தில் யாரோ அதை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கிவிட்டார்கள். நீங்கள் இன்னும் செத்த ஃபோல்டருக்குள்தான் நிற்கிறீர்கள். அடையாளம் சுலபம். காலி ஃபோல்டரில் "எல்எஸ் -ஏ" போட்டால் ஒற்றைப்புள்ளியும் இரட்டைப்புள்ளியுமாவது வரும். அழிந்த ஃபோல்டரில் அதுகூட வராது. "சிடி" போட்டு வீட்டு ஃபோல்டருக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள், சரியாகிவிடும்.

பிரவுசிங் சென்டரில் போட்டு எடுத்த பென்டிரைவ் விண்டோஸில் காலியாகவோ ஷார்ட்கட்டாகவோ தெரிந்தால் அது வைரஸ் வேலை. கோப்புகளுக்கு மறைவுக் குறியை வைத்துவிட்டுப் போயிருக்கும். லினக்ஸின் எல்எஸ் அந்தக் குறியைக் கண்டுகொள்வதில்லை, எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆகவே லினக்ஸ் இருக்கும் கணினியில் செருகி, தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. விண்டோஸிலேயே செய்ய வேண்டுமென்றால் "டிஐஆர் /ஏ" காட்டும். ஷார்ட்கட்டை மட்டும் சொடுக்காதீர்கள்.

பெயர் கண்ணெதிரே இருக்கிறது, "நோ சச் ஃபைல்" என்கிறது

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முதல் சந்தேகம். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. பெயரில் இடைவெளி இருப்பது இரண்டாவது. மேற்கோள்குறிக்குள் போடுங்கள், அல்லது முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டாப் விசையை அழுத்துங்கள். பெயர் கோட்டில் தொடங்கினால் எல்எஸ் அதை விருப்பக்குறி என்று நினைத்துக்கொள்ளும், முன்னால் "./" சேர்த்தால் போதும். இவை எல்லோரும் அறிந்தவை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று உண்டு. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கோத்தகிரி" என்ற பெயரில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோல்டர்கள். கண்ணுக்கு ஓரெழுத்தும் வித்தியாசம் இல்லை. ஒன்றில் கோப்புகள் இருக்கின்றன, மற்றது காலி. எல்எஸ் பெயர் கொடுத்துப் பார்த்தால் எப்போதும் காலியானதே வருகிறது.

நடப்பது இதுதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஒகாரத்துக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒரே வடிவம். ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பு பெயரை வெறும் பைட்டு வரிசையாகத்தான் ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு பெயர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைப் பிரித்த வடிவில்தான் வைத்திருந்தன. அங்கிருந்து வரும் கோப்புகளில் இது நிச்சயம் இருக்கும். கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டினாலும் இதே கதி. நம் மலைப் பெயர்களைப் பாருங்கள்: கோத்தகிரி, தொட்டபெட்டா, கொலக்கம்பை, கோடநாடு. ஊர் வாரியாக ஃபோல்டர் போட்டால் எப்படித் தப்புவது?

கண்டுபிடிக்கும் வழி: "எல்சி_ஏஎல்எல்=சி எல்எஸ் -பி". இதில் எல்சி_ஏஎல்எல் என்பதும் அதற்கு அடுத்த சி-யும் பெரிய எழுத்து; மற்றவை சிறியவை. கடைசி பி ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. இப்போது தமிழ் எழுத்து வராது, எண்களாக வரும். ஒரு ஃபோல்டரின் பெயர் \340\256\225\340\257\213 என்று தொடங்கும். அது க-வும் முழு ஓகாரக் குறியும். மற்றது \340\256\225\340\257\207\340\256\276 என்று தொடங்கும். அது க, கொம்பு, கால் மூன்றும் தனித்தனி. முதல் வடிவில் "கோத்தகிரி" 27 பைட்டு, இரண்டாவதில் 30 பைட்டு.

சரிசெய்ய "கன்வ்எம்வி" என்ற கருவி இருக்கிறது. ஒருங்குறியிலிருந்து ஒருங்குறிக்கே, சேர்த்து எழுதிய வடிவத்துக்கு மாற்றச் சொல்லி "--என்எஃப்சி" விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது முதலில் ஒத்திகை மட்டும் காட்டும். "--நோடெஸ்ட்" கொடுத்தால்தான் உண்மையில் பெயரை மாற்றும். இரண்டு ஃபோல்டரிலும் கோப்புகள் இருந்தால், ஒன்றை வேறு பெயருக்கு மாற்றி, உள்ளடக்கத்தைக் கையால் ஒன்று சேர்த்துவிட்டு ஓட்டுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவிதான் நம் எழுத்துக்கு வளைய வேண்டும்.

இதே பைட்டுக் கணக்கில் இன்னொன்று. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளில் பெயரின் உச்சவரம்பு 255 பைட்டு. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு. அப்படியென்றால் 85 குறியீடுகள்தான். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனிக் கணக்கு என்பதால் நாம் எண்ணும் எழுத்தில் அது அறுபதுக்கும் கீழே போய்விடும். "ஃபைல் நேம் டூ லாங்" என்று வந்தால் பெயரைச் சுருக்குங்கள்.

பெயருக்குப் பதில் கேள்விக்குறி, அல்லது தேவையில்லாத குறிகள்

தமிழ்ப் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டெர்மினலின் மொழிச்சூழல், ஒருங்குறி எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 இல்லை. "லொகேல்" தட்டிப் பாருங்கள். "சி" என்றோ "பாசிக்ஸ்" என்றோ இருந்தால் அதுதான் காரணம். "சி.யூடிஎஃப்-8" என்று மாற்றினாலே போதும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது இது அடிக்கடி வரும்.

பெயர்களைச் சுற்றி ஒற்றை மேற்கோள்குறி திடீரென்று முளைத்தால் அதுவும் கோளாறு இல்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ எல்எஸ் 2016 முதல், இடைவெளி போன்றவை உள்ள பெயர்களைத் திரையில் அப்படித்தான் காட்டுகிறது. "-பெரிய என்" கொடுத்தால் போய்விடும். பெயரின் வாலில் டாலர் குறியும் \ஆர் என்பதும் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய நிரலை லினக்ஸில் ஓட்டியிருக்கிறீர்கள். வரி முடிவுக் குறி கோப்பின் பெயருக்குள் போய்விட்டது. "டாஸ்2யூனிக்ஸ்" கொண்டு நிரலைச் சுத்தம் செய்து, கோப்பின் பெயரையும் மாற்றுங்கள்.

"பர்மிஷன் டினைட்"

ஃபோல்டர் என்பது தொழிற்சாலை வாசலில் இருக்கும் இலை வரவுப் பதிவேடு மாதிரி. அதில் பெயரும், அந்தப் பெயருக்குரிய ஐனோடு எண்ணும் மட்டுமே இருக்கும். அளவு, தேதி, உரிமையாளர் எல்லாம் ஐனோடில் இருக்கின்றன. பதிவேட்டை வாசிக்க ஆர் அனுமதி. அதில் உள்ள பெயரைத் தாண்டி உள்ளே போக எக்ஸ் அனுமதி. ஆர் இருந்து எக்ஸ் இல்லையென்றால் "எல்எஸ் -எல்" பெயரை மட்டும் காட்டி, மற்ற இடங்களில் கேள்விக்குறிகளை வரிசையாகப் போடும். எக்ஸ் இருந்து ஆர் இல்லையென்றால் பட்டியல் வராது. ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறந்துவிடலாம்.

யாருடைய ஃபோல்டர் என்று பார்க்க "எல்எஸ் -எல்டி" போட்டுப் பெயரைக் கொடுங்கள். இங்கே டி என்பது டைரக்டரியின் டி. அந்த டி இல்லாவிட்டால் ஃபோல்டரைக் காட்டாமல் அதன் உள்ளிருப்பதைக் காட்டப் போய் மறுபடி அதே பிழை வரும். பெரும்பாலும் யாரோ நிர்வாகி அதிகாரம் தரும் "சூடு" கட்டளையை முன்னால் போட்டு எதையோ ஓட்டியதில் உரிமை ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்குப் போயிருக்கும். உரிமையாளரை மாற்றும் "சிஎச்ஓன்" கொண்டு திருப்பிக் கொடுங்கள். அனுமதியை 777 என்று வைத்து எல்லோருக்கும் திறந்துவிடுவதைத் தீர்வு என்று யாராவது சொன்னால், அந்தக் கணினியில் சம்பளக் கணக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்களை ஒரு குழுவில் சேர்த்த பிறகும் திறக்கவில்லை என்றால் வெளியேறி மறுபடி நுழையுங்கள். புதிய குழு அப்போதுதான் செல்லும். பென்டிரைவில் அனுமதியை மாற்றும் "சிஎச்மாட்" எடுபடவில்லை என்று மல்லுக்கட்ட வேண்டாம். எஃப்ஏடி வகை வட்டு இந்த அனுமதிகளைச் சேமிப்பதே இல்லை. வட்டை இணைக்கும்போது கொடுக்கும் விருப்பங்கள்தான் முடிவு செய்யும்.

தேதி தப்பு, வரிசை தப்பு, அளவு தப்பு

"எல்எஸ் -எல்" சில கோப்புகளுக்கு மணியையும் சிலவற்றுக்கு ஆண்டையும் காட்டும். ஆறு மாதத்துக்கு முந்தையது அல்லது எதிர்காலத் தேதி உள்ளது என்றால் ஆண்டு வரும். முழுதாகப் பார்க்க "--டைம்-ஸ்டைல்=லாங்-ஐஎஸ்ஓ". இன்று எழுதிய கோப்பில் பழைய தேதி இருந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையின் பெரும்பாலான மாதிரிகளில் கரண்ட் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் வந்தால்தான் சரியான நேரம் தெரியும். மழையில் கரண்ட் போய் வந்து, இணையமும் இரண்டு நாள் இல்லாமல் போனால் அந்த இரண்டு நாள் பதிவும் "எல்எஸ் -எல்டி" (இங்கே டி என்பது டைமின் டி) வரிசையில் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். பேட்டரியோடு வரும் சின்னக் கடிகாரப் பலகை ஒன்றை மாட்டிவிடுங்கள். பென்டிரைவில் நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால், எஃப்ஏடி வட்டு உள்ளூர் நேரத்தை எழுதியதை வேறொரு கருவி உலக நேரமாக வாசித்திருக்கிறது.

பத்து என்பது இரண்டுக்கு முன்னால் வந்தால் "-வி". ஃபோல்டரின் அளவு 4096 என்று காட்டுவது அந்தப் பதிவேட்டின் அளவுதான். உள்ளே இருப்பவற்றின் கூட்டுத்தொகைக்கு "டியூ -எஸ்எச்".

"ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்"

நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கேமரா நாளுக்கு 1440, ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் கோப்புகளைச் சேர்க்கும். அந்த ஃபோல்டரில் நட்சத்திரக்குறி போட்டு எல்எஸ் தட்டினால் இந்தச் செய்தி வரும். எல்எஸ் மேல் தப்பில்லை. நட்சத்திரத்தை விரித்து அத்தனை பெயரையும் ஒரே வரியில் கொடுக்கப் பார்ப்பது, நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல். லினக்ஸின் மையமான கர்னல் அதை ஏற்காது. "ஃபைண்ட் . -நேம்" என்று போட்டு, வடிவத்தை மேற்கோளுக்குள் கொடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் "எல்எஸ் -எஃப் | டபிள்யூசி -எல்". வரிசைப்படுத்தாமல் கொட்டுவதால் சட்டென்று முடியும். நாளுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை.

எல்எஸ் தொங்குகிறது

கட்டளை தட்டியதும் கர்சர் நின்றுவிடுகிறது, கன்ட்ரோல் சி-க்கும் அசையவில்லை. பல நேரம் அந்த ஃபோல்டர் வேறு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் வருகிறது, அந்தக் கணினியில் கரண்ட் இல்லை. மேட்டில் அலுவலகமும் பள்ளத்தில் தொழிற்சாலையும் உள்ள எஸ்டேட்டுகளில் இதை நிறையப் பார்க்கலாம். வேறொரு டெர்மினலில் "மவுண்ட்" தட்டி அது நெட்வொர்க் ஃபோல்டரா என்று உறுதி செய்யுங்கள். மறுமுனை எழுந்தால் தானே ஓடும். எழாது என்றால் "யூமவுண்ட் -எல்" கொண்டு கழற்றுங்கள். பெயர் மட்டும் போதுமென்றால் "\எல்எஸ்" என்று முன்னால் பின்சாய்கோடு போட்டுப் பாருங்கள். வண்ணம் தீட்டும் செல்லப்பெயரைத் தவிர்ப்பதால் ஒவ்வொரு கோப்பின் ஐனோடையும் போய்ப் பார்க்காது. மெதுவான இணைப்பில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நெட்வொர்க் இல்லை, நேரடியாகச் செருகிய வட்டு, அதுவும் தொங்கிவிட்டு "இன்புட்/அவுட்புட் எரர்" என்கிறது என்றால் உடனே கையை எடுங்கள். முன்னால் "சூடு" சேர்த்து, கர்னலின் பதிவைக் காட்டும் "டிஎம்இஎஸ்ஜி" தட்டினால் கடைசி வரிகளில் வட்டின் பெயரோடு பிழைகள் இருக்கும். கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் இருந்தால், வட்டின் பிழைகளைத் திருத்தும் "எஃப்எஸ்சிகே" ஓட்டிச் சரிசெய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு, வேறு நல்ல வட்டுக்கு "டிடிரெஸ்க்யூ" கொண்டு முழுப் படியெடுங்கள். பழுது பார்ப்பது எல்லாம் அந்தப் படியின் மேல்தான். மூல வட்டைக் கழற்றி, தேதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.